மெகாவாட் கணக்கைப் பார்த்து மின் பங்கு வாங்காதீர்கள்

2008 ஜனவரி 15 அன்று ரிலையன்ஸ் பவர் பங்கு வெளியீடு திறந்த சில நிமிடங்களிலேயே, கேட்ட அளவுக்கு விண்ணப்பம் வந்து சேர்ந்துவிட்டது. மூடும்போது சுமார் 73 மடங்கு. டிமேட் கணக்கே இல்லாதவர்கள் அந்த ஒரு வெளியீட்டுக்காகக் கணக்குத் திறந்தார்கள். சிறு முதலீட்டாளர்களுக்கு 20 ரூபாய் தள்ளுபடி போக ஒரு பங்கு 430 ரூபாய். நிறுவனம் காட்டியது 13 திட்டங்கள், 28,200 மெகாவாட். அதில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த மின்நிலையம் ஒன்றுகூட இல்லை. பிப்ரவரி 11 அன்று பட்டியலான முதல் நாளே 372 ரூபாய்க்கு இறங்கி முடிந்தது. சமாதானமாக 5 பங்குக்கு 3 இலவசப் பங்கு கொடுத்தார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால் அடக்க விலை 269 ரூபாய் ஆகிறது. 2020 மார்ச்சில் அதே பங்கு 2 ரூபாய்க்கும் கீழே கிடந்தது.

அந்த ஒரு நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2005-க்கும் 2010-க்கும் நடுவே சந்தைக்கு வந்த மின் நிறுவனங்களில் பல இதே பாதையில்தான் போயின. என் கையில் இருந்த ஒன்று (பெயர் வேண்டாம்) கடைசியில் திவால் வழக்கு நடக்கும் தீர்ப்பாயத்தில் பூஜ்யமானது. பணம் போனதைவிட, அத்தனை வருடமும் எதைப் படித்திருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லாததுதான் எரிச்சல். டிவியில் வந்தவர்கள் எல்லாம் 'இந்தியாவுக்கு மின்சாரம் வேண்டும், அதனால் மின் பங்கு ஏறும்' என்ற ஒரே பாட்டைப் பாடினார்கள். இந்தியாவுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது உண்மை. பங்கு ஏறாததும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் இனி நான் சொல்லப்போவது.

முதலில், எது தாராளமயமானது, எது ஆகவில்லை என்று பார்த்துவிடுவோம். மின்சாரச் சட்டம் 2003 அந்த வருடம் ஜூன் 10-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 7-ஆம் பிரிவின்படி அனல் மின்நிலையம் கட்ட உரிமம் தேவையில்லை. யாரும் கட்டலாம். மின் வணிகம் தனித் தொழிலாக அங்கீகரிக்கப்பட்டது. பெரிய நுகர்வோர் மாநில மின்வாரியத்தைத் தாண்டி வெளியே வாங்க வழி பிறந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரி பெரும்பாலும் அரசு நிறுவனமான கோல் இந்தியாவிடம் இருந்தது. அதைச் சுமந்து வர வேண்டியது ரயில்வே. உற்பத்தியான மின்சாரத்தை வாங்கப் போவது மாநில மின்வாரியங்கள். அந்த வாரியம் நம்மிடம் வசூலிக்கும் கட்டணத்தை மின்சார ஒழுங்குமுறை ஆணையமும், அதற்குப் பின்னால் நிற்கும் மாநில அரசும் முடிவு செய்யும். நிலையத்தைக் கட்டுவதற்கு மட்டும் சுதந்திரம். உள்ளே போகும் கரியும் வெளியே வரும் மின்சாரத்தின் காசும் பழைய இடத்திலேயே இருந்தன. பாதி திறந்த கதவு எவ்வளவு ஆபத்து என்பதை கலிபோர்னியா அதற்கு முன்பே காட்டியிருந்தது. அங்கே மொத்தச் சந்தை விலையை அவிழ்த்துவிட்டு, வீட்டுக் கட்டணத்தை உறையவைத்தார்கள். 2001 ஏப்ரலில் அங்கே மின்சாரம் விநியோகித்த பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் திவால் மனு போட்டது. நம் ஊரில் அதைப் படித்தவர்கள் குறைவு.

மெகாவாட் என்ற எண் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். 1,000 மெகாவாட் நிலையம் ஒரு வருடம் நிற்காமல் முழுத் திறனில் ஓடினால் 876 கோடி யூனிட். 85 சதவீதம் ஓடினால் 745 கோடி யூனிட். இதில் 6 முதல் 9 சதவீதத்தை நிலையத்தின் பம்புகளும் விசிறிகளும் கரி அரைக்கும் மில்களுமே தின்றுவிடும். விற்கக் கிடைப்பது 690 கோடி யூனிட் சொச்சம். ஒரு யூனிட் உண்டாக்க சுமார் 2,400 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நம் நாட்டுக் கரியில் கிலோவுக்கு 3,600 கிலோ கலோரி இருந்தால் யூனிட்டுக்கு 670 கிராம் கரி. வருடத்துக்கு 50 லட்சம் டன். ஒரு சரக்கு ரயிலில் ஏறத்தாழ 4,000 டன் வரும் என்றால், அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் தினமும் மூன்று நான்கு ரயில்கள் வந்து கொட்டியாக வேண்டும். கரி விலை டன்னுக்கு 500 ரூபாய் ஏறினால் யூனிட்டுக்கு 33 காசு ஏறும். உற்பத்தியாகும் 745 கோடி யூனிட்டால் பெருக்கிப் பாருங்கள், சுமார் 250 கோடி ரூபாய். இந்த 33 காசை வாங்குபவர் தலையில் வைக்க முடியுமா, பங்குதாரர் தலையில் விழுமா என்பதுதான் கேள்வி. விடை மின் கொள்முதல் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மெகாவாட்டைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தங்களில் மூன்று வகை. முதல் வகை, சட்டத்தின் 62-ஆம் பிரிவு. செலவை ஆணையம் சரிபார்த்து, அதன் மேல் லாபம் வைத்துக் கட்டணம் போடும். மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசி பெரும்பாலும் இப்படித்தான். திட்டச் செலவில் 30 சதவீதம் சொந்த முதல் என்று எடுத்துக்கொண்டு அதற்கு வரிக்குப் பின் 15.5 சதவீத லாபம் தருகிறார்கள். 2009-க்கு முன் 14 ஆக இருந்தது. கட்டணம் இரண்டு பகுதி. நிலைக் கட்டணத்தில் வட்டி, தேய்மானம், லாபம், பராமரிப்பு எல்லாம் அடங்கும். எரிபொருள் கட்டணம் கரிக்கு. நிலையம் 85 சதவீத நேரம் ஓடத் தயாராக இருந்தால் போதும்; வாரியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக் கட்டணம் முழுசாக வந்துவிடும். அதனால் இப்படிப்பட்ட நிறுவனத்தின் நிலையம் 60 சதவீதம்தான் ஓடியது என்ற செய்தியைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. கரி இல்லாமல் நின்றதா, வாரியம் வேண்டாம் என்றதால் நின்றதா என்று கேளுங்கள். முதலாவது என்றால் லாபம் வெட்டுப்படும், இரண்டாவது என்றால் வெட்டுப்படாது.

இந்த வகைக்கு இன்னொரு முகம் உண்டு. லாபத்துக்கு மேலே உச்சவரம்பு இருப்பதால் வாங்கும் விலைதான் எல்லாம். என்டிபிசி 2004-இல் 62 ரூபாய்க்கு வந்தது. 2020 நடுவில், பதினாறு வருடம் கழித்து, 100 ரூபாய்க்குக் கீழேதான் இருந்தது. நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, டிவிடெண்டும் தவறாமல் வந்தது. ஆனால் 2008 தொடக்கத்தில் 250 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் அன்றைய 14 சதவீத உச்சவரம்பை மறந்துவிட்டு வாங்கினார்கள்.

இரண்டாம் வகை, 63-ஆம் பிரிவு. போட்டி ஏலம். யார் குறைந்த விலை சொல்கிறார்களோ அவர்களுக்கு 25 வருட ஒப்பந்தம். இங்கேதான் பெரிய பெரிய தலைகள் உருண்டன. டாடா பவர் குஜராத்தின் முந்த்ராவில் 4,000 மெகாவாட் நிலையத்துக்கு யூனிட் 2.26 ரூபாய் என்று சராசரி விலை சொல்லி ஏலம் எடுத்தது. ஐந்து மாநிலங்கள் வாங்க ஒப்புக்கொண்டன. இந்தோனேசியக் கரி மலிவாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், எரிபொருள் விலையின் பெரும்பங்கை ஏறாத விலையாகவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2010 செப்டம்பரில் இந்தோனேசிய அரசு, சர்வதேச விலைக்குக் குறைவாகக் கரியை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. கணக்கு உடைந்தது. 2013-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஈடு கொடுக்கச் சொன்னது. வாங்கும் மாநிலங்களும் நுகர்வோர் அமைப்புகளும் எதிர்த்துப் போனார்கள். 2017 ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: வெளிநாட்டுச் சட்டம் மாறியதால் கரி விலை ஏறியது, ஒப்பந்தத்தில் சொல்லும் தவிர்க்க முடியாத நிகழ்வில் சேராது. ஈடு கிடையாது. ஏலத்தில் எழுதிய விலைக்கு எழுதியவரே பொறுப்பு.

அதே தீர்ப்பின் மறுபக்கத்தைப் பலரும் படிக்கவில்லை. இந்திய அரசின் கொள்கை மாறி உள்நாட்டுக் கரி குறைந்திருந்தால் அது சட்ட மாற்றமாகக் கருதப்படும், அதற்கு ஈடு உண்டு என்றும் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த அடிப்படையில்தான் 2020 ஆகஸ்டில் ராஜஸ்தான் மின் விநியோக நிறுவனங்கள் அதானி பவருக்குப் பணம் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒரே தீர்ப்பை வைத்து, இறக்குமதிக் கரி நிலையம் ஒரு பக்கம், உள்நாட்டுக் கரி நிலையம் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தவர்கள் அந்த வருடங்களில் நல்ல காசு பார்த்தார்கள். இந்தத் துறையில் நிதிநிலை அறிக்கை படிப்பதற்குச் சமமாக ஆணையங்களின் உத்தரவுகளையும் படிக்க வேண்டும். எல்லாம் இணையத்தில் இலவசம். முதல் பத்துப் பக்கமும் கடைசி ஐந்து பக்கமும் படித்தாலே பாதி விளங்கும்.

மூன்றாம் வகை, நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல் அன்றாடச் சந்தையில் விற்பது. 2008 ஜூனில் இந்திய மின் சந்தையான ஐஇஎக்ஸ் தொடங்கியபோது மின்சாரத்துக்குப் பஞ்சம், யூனிட் 7, 8 ரூபாய் எல்லாம் போனது. 'நாங்கள் ஒப்பந்தம் போடாமல் பாதியைச் சந்தைக்கு வைத்திருக்கிறோம்' என்று நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டன. எல்லோரும் கட்டி முடித்தபோது வாரியங்களிடம் வாங்கக் காசில்லை. 2016-17-இல் சந்தையின் சராசரி விலை 2.50 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. மேலே 670 கிராம் என்றோமே, கரி வந்திறங்கும் விலை டன் 2,800 ரூபாய் என்றால் உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 1.87 ரூபாய், விற்கும் யூனிட்டுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் கரிக்கே போய்விடும். மிச்சம் 50 காசு. அதில் வட்டி, சம்பளம், பராமரிப்பு எல்லாம்.

வட்டிக்கு அது போதாது என்பதற்கு அடுத்த கணக்கு. 2018 மார்ச்சில் நாடாளுமன்ற எரிசக்தி நிலைக்குழு, தள்ளாடும் 34 அனல் திட்டங்களைப் பட்டியல் போட்டது. மொத்தம் 40,130 மெகாவாட், பாக்கிக் கடன் சுமார் 1.74 லட்சம் கோடி. மெகாவாட்டுக்கு 4.3 கோடி வருகிறது. 11 சதவீத வட்டி என்றால் வருடம் 47 லட்சம். நிலையம் 85 சதவீதம் ஓடினால் விற்கும் யூனிட்டுக்கு 68 காசு வட்டி. 55 சதவீதம் ஓடினால் 1.05 ரூபாய். நாட்டின் அனல் நிலையங்கள் சராசரியாக ஓடிய அளவு 2009-10-இல் 77 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2016-17-இல் 60-ஐ ஒட்டி விழுந்தது. கையில் 50 காசு, வட்டி மட்டும் 1.05 ரூபாய். இதற்கு மேல் எந்த மேலாண்மைத் திறமையும் காப்பாற்றாது. ஓடும் நிலையங்களைப் பார்க்கும்போது மெகாவாட்டுக்கு எவ்வளவு கடன் என்று வகுத்துப் பார்ப்பது என் முதல் வேலை. 3 கோடிக்குள் இருந்தால் மேலே படிப்பேன். 4-ஐத் தாண்டி, நீண்டகால ஒப்பந்தமும் இல்லை என்றால் அறிக்கையை மூடிவிடுவேன்.

கடன் ஏன் அப்படி வீங்கியது? கட்டும் காலத்தைப் பாருங்கள். 660 மெகாவாட் அலகு இரண்டு, மொத்தம் 1,320 மெகாவாட். அந்தக் காலத்து விலை மெகாவாட்டுக்கு 5 கோடி என்றால் 6,600 கோடி. முக்கால் பங்கு கடன், 4,950 கோடி. முழுக் கடனும் எடுத்த பிறகு ஒரு வருடம் தாமதமானால் 12 சதவீத வட்டியில் 594 கோடி கூடும். நிலம் எடுப்பதில் சிக்கல், சுற்றுச்சூழல் அனுமதி, தண்ணீர் குழாய், மின்தடக் கோபுரம் என்று மூன்று வருடம் இழுத்தால் வட்டி மட்டும் 1,800 கோடிக்கு மேல். கட்டும் வரை இந்த வட்டி லாப நட்டக் கணக்கில் வராது, திட்டச் செலவோடு சேர்ந்து சொத்தாகக் காட்டப்படும். அதனால் காலாண்டு முடிவுகள் அழகாகவே இருக்கும். நிலையம் ஓடத் தொடங்கிய காலாண்டில்தான் வட்டியும் தேய்மானமும் ஒரேயடியாக வந்து இறங்கும். 'உற்பத்தி தொடங்கிவிட்டது, இனி லாபம்தான்' என்று நினைத்த பங்குகள் பல அதற்கு அடுத்த காலாண்டில் விழுந்ததற்கு இதுவே காரணம். ஆண்டறிக்கையில் 'நடப்பில் உள்ள மூலதனப் பணி' என்ற வரி வருடாவருடம் ஏறுகிறதா, திட்டம் முடியும் தேதி வருடாவருடம் தள்ளிப் போகிறதா என்று பழைய அறிக்கைகளோடு ஒப்பிடுங்கள். மூன்று வருட அறிக்கை போதும்.

எரிபொருளில் அடுத்த அடி விழுந்தது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 200-க்கும் மேற்பட்ட நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. சுரங்கத்தை நம்பி அதன் வாசலிலேயே கட்டிய நிலையங்கள் அனாதையாக நின்றன. எரிவாயு இன்னும் மோசம். கிருஷ்ணா கோதாவரி கடல் படுகையில் 2009-இல் வாயு வரத் தொடங்கியதும் ஆந்திராவில் வரிசையாக எரிவாயு நிலையங்கள் கட்டினார்கள். 2013-இல் அங்கிருந்து மின்நிலையங்களுக்கு வந்துகொண்டிருந்த வாயு நின்றேவிட்டது. சுழலி, கொதிகலன் எல்லாம் புத்தம் புதுசு, எரிக்க வாயு இல்லை. கரி லிங்கேஜ் (சுரங்கத்திலிருந்து கரி தரும் ஏற்பாடு) கையெழுத்தாகியிருக்கிறது என்று நிறுவனம் சொன்னால் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை சதவீதத்துக்கு உத்தரவாதம், எந்தச் சுரங்கத்திலிருந்து, நீண்டகால கொள்முதல் ஒப்பந்தம் இருந்தால்தான் கரி கிடைக்குமா. தூரமும் முக்கியம். ஒடிசா கரி தமிழ்நாட்டுக்கு ரயிலில் பாராதீப் துறைமுகம் வந்து, கப்பலேறி, எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ இறங்கி வருகிறது. வழிச்செலவு கரி விலையையே தாண்டிவிடக் கூடும். சுரங்கத்தை ஒட்டிய நிலையமும் கடற்கரை நிலையமும் ஒரே மெகாவாட்டாக இருந்தாலும் வேறு வேறு தொழில். வாரியம் எந்த நிலையத்தை முதலில் ஓடச் சொல்லும் என்பது யூனிட்டுக்கான எரிபொருள் விலையை வைத்துத்தான் முடிவாகிறது. மலிவானது முன்னால், விலையேறியது பின்னால். மெரிட் என்ற அரசு இணையதளத்தில் மாநிலவாரியாக இந்த விலைகள் கிடக்கின்றன. நீங்கள் பார்க்கும் நிலையம் வரிசையில் மேலேயா கீழேயா என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

இனி பாக்கி. மின்சாரம் விற்றாகிவிட்டது, லாபமும் கணக்கில் எழுதியாகிவிட்டது, காசு மட்டும் வரவில்லை. வாங்குபவர் ஒருவர், அவர் நட்டத்தில் ஓடும் மாநில வாரியம். தமிழ்நாட்டுக் காற்றாலைக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்று வீசிய மாதத்துக்கான காசு ஒரு வருடத்துக்கும் மேல் தாமதமாக வந்த காலங்கள் உண்டு. சிறிய காற்றாலை நிறுவனங்கள் வங்கி வட்டிக்கு வேறு கடன் வாங்கிக் கட்டின. 2022 ஜூனில் தாமதக் கட்டண விதிகள் வந்த பிறகு நிலைமை நிஜமாகவே மாறியது. பழைய பாக்கியை 48 தவணை வரை பிரித்துக் கட்டலாம், புதிய பாக்கி வைத்தால் மின்சந்தையில் வாங்க விற்கத் தடை. அந்த ஆகஸ்டில் 13 மாநிலங்களின் விநியோக நிறுவனங்களை ஒரே நாளில் தடுத்தார்கள். தமிழ்நாடும் அதில் இருந்தது. ஆனாலும் பழக்கம் விடக் கூடாது: ஆண்டறிக்கையின் குறிப்புகளில் வரவேண்டிய பாக்கியின் வயது அட்டவணை கட்டாயம் இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம், மூன்று வருடத்துக்கு மேல் என்று பிரித்திருப்பார்கள். 'சர்ச்சைக்குரியது' என்ற வரிசையில் எவ்வளவு என்று பாருங்கள். மொத்தப் பாக்கியை வருட விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் எத்தனை நாள் பாக்கி என்று தெரியும். 60 நாள் நல்லது. 120 நாள் என்றால் விசாரியுங்கள். 200-ஐத் தாண்டினால், அந்த லாபம் காகிதத்தில் மட்டும்தான்.

கையெழுத்தான ஒப்பந்தமும் கல்லில் பொறித்ததல்ல. 2019 ஜூலையில் ஆந்திர அரசு, ஏற்கெனவே கையெழுத்தான சூரிய, காற்று மின் ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கப் பேச்சு நடத்த வேண்டும் என்று கிளம்பியது. உயர் நீதிமன்றம் ஒப்பந்த விலையையே தரச் சொன்னது 2022 மார்ச்சில். நீதி கிடைத்தது, நடுவில் இரண்டரை வருடம் குறைந்த விலைதான் கைக்கு வந்தது. மின் விநியோகம் செய்யும் நிறுவனத்தின் பங்கு என்றால் 'ஒழுங்குமுறைச் சொத்து' என்ற வரியைத் தேடுங்கள். செலவு உண்மை என்று ஆணையம் ஒப்புக்கொள்ளும், ஆனால் கட்டணத்தை இப்போது ஏற்றாமல் பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும். அந்தத் தொகை சொத்தாகக் கணக்கில் ஏறும். டெல்லியில் இது பல ஆயிரம் கோடிக்கு வளர்ந்து, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் காலக்கெடு வைத்துத் தீர்க்கச் சொல்லும் அளவுக்குப் போனது.

தீர்ப்பாயம் வரை போன கதைக்கு வருகிறேன். திவால் சட்டத்தில் பணம் பிரிக்கும் வரிசையில் பங்குதாரர் கடைசி. அந்த நேரத்தில் செய்தித்தாளில் 'நிலையத்தை வாங்கப் பெரிய நிறுவனங்கள் போட்டி' என்று வரும். பங்கு 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆகும். பத்து பேர் போட்டி போட்டாலும் அந்தக் காசு வங்கிகளுக்குப் போகிறது. சத்தீஸ்கரின் கேஎஸ்கே மகாநதி நிலையத்தைப் பாருங்கள். 1,800 மெகாவாட் ஓடுகிறது, தமிழ்நாட்டுக்கும் விற்கிறது. 2025 மார்ச்சில் சுமார் 16,000 கோடிக்கு ஜேஎஸ்டபிள்யூ எனர்ஜி கைக்குப் போனது. நல்ல நிலையம். அதைக் கட்டிய பழைய முதலாளிகளின் முதல்தான் கரைந்தது. பட்டியலான நிறுவனம் மேலே தாய் நிறுவனமாக இருந்து, நிலையமும் கடனும் கீழே துணை நிறுவனத்தில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். துணை நிறுவனம் கைமாறினால் தாய் நிறுவனத்தில் மிஞ்சுவது அலுவலகமும் வழக்குகளும்தான். முதலாளி குடும்பம் தன் பங்கை எத்தனை சதவீதம் அடகு வைத்திருக்கிறது என்பது காலாண்டுதோறும் பங்குச்சந்தைத் தளத்தில் வெளியாகும். பாதிக்கு மேல் அடகு என்றால், பங்கு விலை விழும்போது கடன் கொடுத்தவர் விற்பார், அதனால் இன்னும் விழும்.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம், நிலையமே இல்லாத சந்தை நிறுவனத்தை வாங்கலாம் என்று ஐஇஎக்ஸ் பக்கம் போனவர்களுக்கும் ஆணையம் இருக்கிறது. 2021 அக்டோபரில் கரித் தட்டுப்பாட்டில் சந்தை விலை 20 ரூபாய் உச்சவரம்பைத் தொட்டது. 2022 ஏப்ரலில் வரம்பை 12 ரூபாயாக இறக்கினார்கள், அடுத்த வருடம் 10. பஞ்ச காலத்து லாபத்தை எண்ணிக் கணக்குப் போடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: விலை கீழே போக அனுமதி உண்டு, மேலே போக இல்லை. எல்லாச் சந்தைகளின் விலையையும் ஒன்றாக இணைத்து ஒரே விலை கண்டுபிடிக்க 2025 ஜூலை 23 அன்று மத்திய ஆணையம் உத்தரவு போட்டது. மறுநாள் ஐஇஎக்ஸ் பங்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் சரிந்தது. கடனே இல்லாத, லாபம் கொழிக்கும் நிறுவனம் அது.

இப்போது சூரிய மின் நிறுவனங்கள் அதே மெகாவாட் பாட்டைப் பாடுகின்றன. ஏலத்தில் வென்ற மெகாவாட், ஒப்பந்தம் கையெழுத்தான மெகாவாட், மின்தட இணைப்பு கிடைத்த மெகாவாட், ஓடும் மெகாவாட் என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள். ஏலம் முடிந்தும் வாங்க ஆளில்லாமல் ஒப்பந்தம் கையெழுத்தாகாத திட்டங்கள் ஏராளம். பகலில் எல்லோருடைய பேனலும் ஒரே நேரத்தில் உற்பத்தி செய்வதால், 2025 மே கடைசியில் சந்தை விலை சில மணி நேரம் பூஜ்யத்தை ஒட்டிப் போனது. உற்பத்தியை நிறுத்தச் சொன்னால் ஈடு உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பேட்டரியோடு சேர்ந்த திட்டம் என்றால் மாலை நேரத்துக்கு எத்தனை மணி நேரம் தர வேண்டும், தவறினால் அபராதம் எவ்வளவு என்பதும் அங்கேயே இருக்கும்.

இவ்வளவையும் ஒருவர் உட்கார்ந்து படிக்க முடியுமா என்றால், முடியும், வரிசை தெரிந்தால். முதலில் கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்களின் விளக்கக் குறிப்பு. கிரிசில், இக்ரா, கேர் எல்லாம் இலவசமாகப் போடுகின்றன. நாலைந்து பக்கத்தில் ஒப்பந்தம், கரி, பாக்கி நாள், கடன் தவணை எல்லாம் வந்துவிடும். பங்குத் தரகரின் அறிக்கை விலை ஏறும் என்று சொல்லப் பிறந்தது. இது கடன் திரும்ப வருமா என்று கவலைப்பட்டு எழுதியது. தரம் ஒரே வருடத்தில் இரண்டு படி இறங்கியிருந்தால், அல்லது 'நிறுவனம் ஒத்துழைக்கவில்லை' என்ற முத்திரை விழுந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து ஆண்டறிக்கையில் தணிக்கையாளர் அறிக்கை, நிறுவனம் தொடர்ந்து நடப்பது பற்றிய ஐயம் என்ற பத்தி இருக்கிறதா என்று. பிறகு பணவரத்து அறிக்கை: தொழிலிலிருந்து வந்த பணம் வட்டியையும் அந்த வருட அசல் தவணையையும் சேர்த்துத் தாங்குகிறதா, 1.2 மடங்காவது இருக்கிறதா. கடைசியாக லாபத்தில் பழைய வழக்குப் பணம், தாமதக் கட்டணம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கழித்துப் பாருங்கள். ஒரு வருடம் வந்த அந்தப் பணத்தை வைத்து விலை-லாப விகிதம் 6 தான், மலிவு என்று சொல்பவர்கள் நிறைய.

கையில் ஏற்கெனவே இப்படி ஒரு பங்கு இருந்து, நிறுவனம் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது என்றால், வர்த்தகம் நடக்கும்போதே விற்றுவிடுங்கள், 1 ரூபாயாக இருந்தாலும். தீர்வுத் திட்டம் ஒப்புதலானதும் பெரும்பாலும் பங்கு வர்த்தகம் நிறுத்தப்படும், பிறகு விற்கவும் முடியாது, நட்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுவதும் தகராறாகிவிடும். விற்ற நட்டம் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கினுடையது என்றால் நீண்டகால லாபத்தில் மட்டும் கழிக்கலாம். அதற்குள் விற்றிருந்தால் குறுகியகால, நீண்டகால லாபம் இரண்டிலும் கழிக்கலாம். கழித்தது போக மீதியை எட்டு வருடம் எடுத்துச் செல்லலாம், ஆனால் அந்த வருட வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். கெடு தாண்டித் தாக்கல் செய்தால் அந்த நட்டமும் கைவிட்டுப் போகும்.